என்-டைப் சோலார் பேனல்: கோடியில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என்-டைப் டாப்கான் பேனல், அதாவது சிலிக்கானில் பாஸ்பரஸ் கலந்து செய்யும் வகை, நல்ல சரக்கு. மொட்டை மாடியில் இடம் நெருக்கடி, ஊரோ வெயில் கொளுத்தும் ஊர், நாள் முழுக்க நிழல் விழாத மாடி என்றால் யோசிக்காமல் வாங்கலாம். மாடி விசாலமாக இருந்தால் போரானோ காலியமோ கலந்த பழைய வகையான பி-டைப் பெர்க் பேனலில் ஒன்றைக் கூடுதலாக மாட்டிவிட்டு மிச்சக் காசைப் பேனலைத் தாங்கும் நல்ல ஸ்ட்ரக்சருக்கும் எர்த்திங்குக்கும் செலவழிப்பதே புத்திசாலித்தனம். இதைச் சொல்ல ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், என்-டைப்புக்குக் கடைகளில் சொல்லும் காரணங்களில் பாதி கதை. அந்தக் கதையைக் கேட்டுக் காசை எண்ணி வைப்பவர்களை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் மாட்டியிருப்பது திருச்சியில், ஆறு பேனல், ஒவ்வொன்றும் 575 வாட், 3 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர், நெட் மீட்டர். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், அதற்கு இந்தியாவில் செய்த செல் உள்ள பேனல், அதாவது டிசிஆர் பேனல்தான் போட வேண்டும். பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் கீழே பொருத்தியவர்களைப் பற்றிக் கொஞ்சம் திட்டப் போகிறேன். அதுவும் போக, இன்றைக்கு எந்த டாப்கான் பேனலின் டேட்டா ஷீட்டை எடுத்தாலும் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெர்க்கைவிட இதற்கு வாட்டுக்கு நான்கு ரூபாய் அதிகம் வாங்கினார்கள். மொத்தத்தில் பதினான்காயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

கடையில் உட்கார்ந்திருந்த சேல்ஸ் தம்பி சொன்ன ஒரு வாசகம் இன்னும் காதில் நிற்கிறது: "சார், இதுல அழுக்கே கிடையாது, நூத்துக்கு நூறு ப்யூர் சிலிக்கான், அதான் சார் ரேட்டு." தம்பி நல்ல பையன், டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார், ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அப்படியே தலைகீழாகச் சொல்லிவிட்டார். நூற்றுக்கு நூறு சுத்தமான சிலிக்கானில் பேனல் செய்தால் அது மாடியில் காயப்போட்ட கண்ணாடிதான், வேறு பயன் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன், பிளஸ் டூ புத்தகத்தில் இருக்கும் விஷயம்தான். சிலிக்கான் அணுவுக்கு வெளிச்சுற்றில் நான்கு எலக்ட்ரான். பக்கத்தில் இருக்கும் நான்கு அணுக்களோடு நான்கையும் பங்கு போட்டுக் கட்டிக்கொள்கிறது. ஆகவே மின்சாரம் கடத்த சும்மா திரியும் எலக்ட்ரான் என்று கையில் எதுவும் மிச்சமில்லை. அறை வெப்பத்தின் ஆட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு கட்டு அறுந்து எலக்ட்ரான் வெளியே வரும். எவ்வளவு என்றால், சுமார் 5 லட்சம் கோடி அணுவுக்கு ஒன்று. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு சென்டிமீட்டர் கனசதுரமாகச் சுத்த சிலிக்கானை வெட்டி எதிரெதிர் முகங்களுக்கிடையே அளந்தால் மின்தடை இரண்டு லட்சம் ஓமுக்கும் மேல் காட்டும்.

இதில் பாஸ்பரஸைக் கலக்கிறார்கள். பாஸ்பரஸுக்கு வெளிச்சுற்றில் ஐந்து எலக்ட்ரான். நான்கு கட்டுக்குப் போய்விடும், ஐந்தாவது ஒட்டாமல் நிற்கும். அதைப் பிய்த்து எடுக்க அறை வெப்பமே போதும். என் மாடியில் இருக்கும் மாதிரியான வேஃபரில், அதாவது செல் செய்ய வெட்டிய மெல்லிய சிலிக்கான் தகட்டில், பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கும் தெரியுமா? சுமாராக ஒரு கோடி சிலிக்கான் அணுவுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு. குடம் பாலுக்கு உறை ஊற்றும் ஒரு துளி மோர்கூட இந்தக் கணக்கில் ரொம்ப அதிகம். அந்தக் கோடியில் ஒன்று போனதும், முன்னே இரண்டு லட்சம் ஓம் காட்டிய அதே கனசதுரம் ஒரு ஓமுக்கு இறங்கிவிடுகிறது. சுதந்திரமாகத் திரியும் எலக்ட்ரான்கள் ஐந்து லட்சம் மடங்கு பெருகிவிடுகின்றன. இதுதான் என்-டைப்.

பி-டைப்பில் போரான். அதற்கு வெளிச்சுற்றில் மூன்றே எலக்ட்ரான், நான்காவது கட்டில் ஒரு இடம் காலி. பக்கத்து எலக்ட்ரான் வந்து அந்தக் காலியிடத்தை அடைக்க, அது விட்டு வந்த இடம் காலியாக, இப்படியே அந்தத் துளை நகர்ந்துகொண்டே போகும். ஆனால் துளை எலக்ட்ரானைவிட மந்தமாக நகரும், வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அதே ஒரு ஓம் வேண்டுமென்றால் பாஸ்பரஸைப் போல மூன்று மடங்கு போரான் போட வேண்டும்.

ஒரு வேடிக்கை சொல்லிவிட்டுப் போகிறேன். இதே பாஸ்பரஸைச் செம்பில் கலந்தால் நேர் எதிராக நடக்கும். ஏசி மெஷினுக்கு வரும் செம்புக் குழாயில் துளியூண்டு பாஸ்பரஸ் சேர்த்திருப்பார்கள், பற்றவைப்பதற்கு அது நல்லது. ஆனால் நூற்றில் 0.04 பங்கு சேர்த்தாலே மின்சாரம் கடத்தும் திறனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால் வயருக்கு அந்தச் செம்பைத் தொட மாட்டார்கள். உலோகத்தில் ஏற்கெனவே எலக்ட்ரான்கள் ஏராளம், அந்நிய அணு வந்தால் வழிமறிக்கத்தான் செய்யும். சிலிக்கானில் எலக்ட்ரானுக்கே பஞ்சம், அதனால் அந்நிய அணு கொண்டுவருவதுதான் மொத்த முதலும்.

அப்படியானால் சுத்தம் தேவையே இல்லையா என்றால், தேவை, அதுவும் பயங்கரமாகத் தேவை. செல்லுக்கு மூலப்பொருளான நல்ல பாலிசிலிக்கானை ஒன்பது ஒன்பது சுத்தம் என்பார்கள், 99க்குப் பிறகு புள்ளி வைத்து இன்னும் ஏழு ஒன்பது. அந்த அளவுக்குக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கோடியில் ஒன்று என்று அளந்து அழுக்கைச் சேர்க்கிறார்கள். அளவு தெரியாத அழுக்கு உள்ளே இருந்தால் அளந்து சேர்த்ததற்கு மதிப்பே இல்லை. இரும்பு மாதிரி சிலது இன்னும் மோசம், வெயில் கிளப்பிவிட்ட எலக்ட்ரானையும் துளையையும் நடுவழியில் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்து அழித்துவிடும். இந்த இரும்பின் தொல்லை பி-டைப்பில் அதிகம், என்-டைப்பில் குறைவு. என்-டைப்புக்குச் சொல்லக்கூடிய நியாயமான பெருமைகளில் இது ஒன்று. கடையில் ஒருவர்கூட இதைச் சொல்வதில்லை.

ஆரம்ப காலத்தில் இந்த அழுக்கை அளக்கக் கருவிகளுக்கே திணறல். 1940இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் ஒரு சிலிக்கான் துண்டில் வெளிச்சம் பட்டதும் மின்னழுத்தம் கிளம்புவதைப் பார்த்தார். உருகிய சிலிக்கான் உறையும்போது அதிலிருந்த மாசுகள் தாமாகவே பிரிந்து ஒரு பக்கம் பி-யாகவும் மறுபக்கம் என்-ஆகவும் ஆகியிருந்தன. என் பக்கத்தில் இருந்தது பாஸ்பரஸ்தான் என்பதற்கு அங்கே இருந்தவர்களுக்குத் துப்புக் கொடுத்தது மூக்கு: கார்பைட் விளக்கில் வருவது போன்ற நெடி. நம் ஊரில் மாம்பழத்தைக் கல் வைத்துப் பழுக்கவைக்கும் கிடங்கு வாசலில் வரும் வாடை இருக்கிறதே, அதேதான், கார்பைட் கல்லில் ஒட்டியிருக்கும் பாஸ்பரஸ் கிளப்பும் பாஸ்பீன் வாயு.

அதே பெல் ஆய்வகத்தில் 1954இல் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் காட்டிய, சுமார் 6 சதவீதத் திறன் கொண்ட முதல் உருப்படியான சிலிக்கான் சோலார் செல் எது தெரியுமா? என்-டைப் சிலிக்கான், மேலே போரான் பூச்சு. அதாவது இன்று "புது டெக்னாலஜி" என்று விற்கும் அதே அடிப்படை. பிறகு ஏன் உலகம் பி-டைப்புக்குப் போனது? செயற்கைக்கோள்தான் காரணம். விண்வெளிக் கதிர்வீச்சில் பி-டைப் அடித்தளம் குறைவாகக் கெட்டது, 1962இல் போன டெல்ஸ்டார் அந்த வகை செல்லோடுதான் போனது. தொழிற்சாலைகளும் அந்த வழியிலேயே பழகிவிட்டன, நம் மொட்டை மாடியில் விண்வெளிக் கதிர்வீச்சு இல்லாவிட்டாலும்.

பி-டைப்பின் பெரிய குறை 1973லேயே தெரிந்துவிட்டது. சிலிக்கானை உருக்கும் பாத்திரம் குவார்ட்ஸ், அதிலிருந்து ஆக்சிஜன் கரைந்து உள்ளே வந்துவிடும். போரானும் ஆக்சிஜனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வெயிலும் பட்டால், இரண்டும் சேர்ந்து எலக்ட்ரானை விழுங்கும் ஒரு குறையாக மாறிவிடும். மாட்டிய முதல் சில நாட்களிலேயே இரண்டு மூன்று சதவீதம் வரை போய்விடக்கூடும். பெர்க் பேனல் வாரன்ட்டியில் முதல் வருடம் 2 சதவீதம், அப்புறம் வருடத்துக்கு 0.55 என்று போட்டிருப்பது பார்த்திருப்பீர்கள். டாப்கானில் முதல் வருடம் 1, அப்புறம் 0.4, முப்பதாவது வருடம் 87.4 சதவீதம் என்று போடுவார்கள். அடித்தளத்தில் போரான் இல்லாததால் கிடைக்கும் நிம்மதி இது.

ஆனால் சேல்ஸ் தம்பி இதை வைத்து "பி-டைப் எல்லாம் வெயில் பட்டா செத்துரும் சார்" என்றாரே, அது இன்றைய சரக்குக்குப் பொருந்தாது. 2020க்குப் பிறகு பெரும்பாலான தொழிற்சாலைகள் போரானை விட்டுவிட்டுக் காலியத்துக்கு மாறிவிட்டன. காலியத்துக்கும் மூன்று எலக்ட்ரான்தான், துளை கொடுக்கும் வேலை அதே, ஆனால் ஆக்சிஜனோடு கூட்டுச் சேராது. அதன் தொல்லை வேறு: உருகிய குழம்பிலேயே தங்கிவிடப் பார்க்கும், உறைந்து வரும் படிகத்துக்குள் சுலபமாக வராது. அதனால் படிகத்தின் தலைப்பக்கம் வெட்டிய வேஃபருக்கும் வால்பக்கம் வெட்டியதற்கும் மின்தடையில் நல்ல வித்தியாசம் இருக்கும். அதைச் சமாளிக்கத் தொழிற்சாலைகள் கற்றுக்கொண்டுவிட்டன. ஆக பெர்க் வாங்கப் போனால் "போரானா, காலியமா?" என்று கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார், பரவாயில்லை, கம்பெனியிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது வெயில். நம் ஊர் ஆட்களுக்கு இதுதான் முக்கியம். பேனலில் ஒட்டியிருக்கும் 575 வாட் என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை மாத மதியம் ஒரு மணிக்குப் பேனலின் பின்பக்கம் வெப்பமானியைக் காட்டினேன், 64 டிகிரி. 65 என்றே வைத்துக்கொள்வோம், 40 டிகிரி அதிகம். பெர்க் டிகிரிக்கு 0.35 சதவீதம் இழக்கும், மொத்தம் 14 சதவீதம். டாப்கான் டிகிரிக்கு 0.29, மொத்தம் 11.6. என் ஆறு பேனலுக்கு அந்த உச்சி வெயிலில் வித்தியாசம் சுமார் 80 வாட், ஒரு சீலிங் ஃபேன்.

இதை இன்வெர்ட்டர் திரையிலேயே பார்க்கலாம், எனக்குப் பிடித்த வேடிக்கை. காலை எட்டு மணி, பேனல் இன்னும் சூடேறவில்லை, டிசி வோல்ட்டேஜ் 250ஐ ஒட்டி நிற்கும். மதியம் கரண்ட் ஏறிக்கொண்டே போகும், வோல்ட்டேஜ் மட்டும் வழுக்கி 228, 226 என்று வந்து உட்காரும். திடீரென்று ஒரு மழை அடித்து, பின்னாலேயே வெயிலும் வந்துவிட்டால் அப்போது பாருங்கள், குளிர்ந்த பேனலில் வோல்ட்டேஜ் மேலே போய், வாட் கணக்கு அந்த நாளின் உச்சத்தைத் தொடும். காரணம் மறுபடியும் அந்தக் கட்டு அறும் கதைதான். சுத்த சிலிக்கானில் வெப்பத்தால் தானாக வெளியே வரும் எலக்ட்ரான்கள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் இரண்டு மடங்காகும், 65 டிகிரியில் பதினாறு மடங்கு. பாஸ்பரஸ் கொடுத்ததோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை, கடத்தும் திறனில் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் பி-க்கும் என்-க்கும் நடுவே இருக்கும் சந்தியில் கசிவு கூடிவிடும், வோல்ட்டேஜ் இறங்கிவிடும்.

நியாயமாகச் சொன்னால் இந்த 0.29க்குப் பெருமை முழுக்க என்-டைப்புக்குச் சேராது. டாப்கான் செல்லின் பின்பக்கம் ஒன்றரை நானோமீட்டர் ஆக்சைடு, அதன் மேல் பாஸ்பரஸ் கொட்டிக் கலந்த பாலிசிலிக்கான் படலம். இங்கே கோடியில் ஒன்று கணக்கெல்லாம் கிடையாது, சில நூறு அணுவுக்கு ஒன்று என்ற அளவு, கிட்டத்தட்ட உலோகம் மாதிரியே கடத்தும். உலோகக் கோடு நேரடியாகச் சிலிக்கானைத் தொட்டால் அங்கேதான் எலக்ட்ரான்கள் அதிகம் அழியும். இந்த இரட்டைப் படலம் அதைத் தடுத்துவிடுகிறது. 2013இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் வெளியிட்ட யோசனை இது. முன்பக்கம் போரான் ஊட்ட ஆயிரம் டிகிரியை ஒட்டிய உலை வேண்டும், பெர்க்குக்குப் பாஸ்பரஸ் ஊட்ட 850 டிகிரி வாக்கில் போதும். கூடுதல் விலையில் ஒரு பகுதி அந்த உலைக்குத்தான் போகிறது.

சரி, காசு திரும்புமா? என் அமைப்பு ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 5,000 யூனிட் கொடுக்கும், ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட் என்ற பொதுக் கணக்கு. வெயிலில் கிடைக்கும் லாபம் வருடம் முழுக்கச் சராசரியில் இரண்டு சதவீதம், தேய்மானம் குறைவதால் முதல் பத்து வருடத்தில் சராசரியாக இன்னொரு ஒன்றரை சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் 175 யூனிட். யூனிட்டுக்கு ஏழு ரூபாய் என்றால் ஆயிரத்து இருநூறு சொச்சம். பதினான்காயிரம் திரும்பப் பதினோரு வருடம் ஆகும். இதற்காக மட்டும் வாங்குவது வீண். நான் வாங்கியது இடத்துக்காக. 2278க்கு 1134 மில்லிமீட்டர் என்ற அதே அளவுக்குள் பெர்க் 545 வாட், இது 575. தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, துணி காயப்போடும் கொடி எல்லாம் போக ஆறு பேனலுக்குத்தான் இடம். அந்த ஆறில் 180 வாட் கூடுதலாகக் கிடைத்தது.

மேகமூட்டத்திலும் ஃபுல் கரண்ட் வரும் என்று கடையில் சொன்னார்களே? வராது. ஐப்பசி அடைமழையில் எந்தப் பேனலும் தூங்கும், இதுவும் தூங்குகிறது.

பொருத்திய நிறுவனத்தைப் பற்றி. பின்பக்கமும் வெளிச்சம் வாங்கும் இரட்டைக் கண்ணாடிப் பேனல், முன்பக்கத் திறனில் 80 சதவீதம் பின்பக்கமும் கொடுக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். கீழே வெள்ளை கூலிங் டைல்ஸ் வேறு போட்டிருக்கிறேன். ஆனால் வந்த ஆட்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் படுக்கவைத்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். பின்பக்கம் இருட்டில் கிடந்தால் அந்த 80 சதவீதத்தை எந்த வெளிச்சத்தில் காட்டும்? சண்டை போட்டுத்தான் ஏழடி ஸ்ட்ரக்சர் வாங்கினேன், அதற்குத் தனிக் காசு. தொட்டி நிழல் சாயங்காலம் ஒரு பேனலின் மூலையில் விழும் இடத்தில் துளை போட ஆரம்பித்தவரை நிறுத்தி நகர்த்தச் சொன்னதும் நான்தான். ஒவ்வொரு பேனலுக்கும் உரிய ஃபிளாஷ் டெஸ்ட் அறிக்கையை, அதாவது தொழிற்சாலையில் ஒளி பாய்ச்சி வாட்டை அளந்த சீட்டைக் கேட்டேன், சீரியல் நம்பரோடு தர வேண்டியது, இழுத்தடித்துத்தான் வந்தது. பேனலுக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன், இவர்களுக்கு இரண்டு.

அந்த அரைப் புள்ளியை எதற்குக் குறைத்தேன் என்றால், டாப்கானின் முன்பக்க வெள்ளிக் கோடுகளுக்கு ஈரம் ஆகாது. ஈரம் உள்ளே போனால் தொடர்பு அரித்து மின்தடை ஏறிவிடும், உள்ளே எவ்வளவு நுணுக்கமாக மாசூட்டியிருந்தாலும் கரண்ட் வெளியே வர வழியிருக்காது. அதனால்தான் இரண்டு பக்கமும் கண்ணாடி, நடுவில் ஈரம் புகாத பிஓஇ அல்லது இபிஇ படலம் போடுகிறார்கள். விலையைக் குறைக்கப் பின்பக்கம் பிளாஸ்டிக் ஷீட், உள்ளே சாதா ஈவிஏ படலம் என்று வரும் டாப்கானும் சந்தையில் உண்டு. நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் கடற்கரை ஓரத்தில் வீடு இருப்பவர்கள் உள்ளே எந்தப் படலம் என்று டேட்டா ஷீட்டில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அப்புறம் பேனல் வந்து இறங்கியதும் லாரியிலேயே பின்பக்க லேபிளைப் படியுங்கள், மாடல் எண்ணும் வாட்டும் கொட்டேஷனில் உள்ளதுதானா என்று. மாடிக்கு ஏற்றிய பிறகு சொன்னால் முப்பது கிலோ கண்ணாடியைத் திரும்ப இறக்க யாரும் முன்வர மாட்டார்கள்.